கால் பந்தல்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. இந்த மாதக் கடைசியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். அதன் பிறகு சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நீ பெங்களூரில் எனக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, கட்டில் போட்டு, சன்னலுக்குத் திரையும் மாட்டிவிட்டாய். "அங்க உனக்கு யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. நியாயமான கேள்விதான். எனக்கு இங்கே அண்ணன் தம்பி இல்லை, சொந்த வீடு இல்லை. ஆனால் போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். முப்பத்து மூன்று வயதான பிள்ளைக்கு நீளமாகக் கடிதம் எழுதுகிற வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த விஷயமும் இதில் வரும், தெரியாததும் வரும். பொறுமையாகப் படி.

உங்கப்பா மஞ்சள்காமாலையில் போனபோது உனக்கு ஆறு வயது. எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். அதனால் தென்காசியிலிருந்து என் பக்கத்து ஆட்களோ, சேலத்திலிருந்து அவர் பக்கத்து ஆட்களோ வந்து பத்து நாள் கூட இருக்கவில்லை. உங்கப்பா வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியிலேயே வாரிசு வேலையாக எனக்கு ஸ்டோர்ஸில் இடம் கிடைத்தது. மைன்ஸுக்குப் போகிறவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் ஹெல்மெட்டும் கொடுக்கிற கவுன்ட்டர். கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நிற்பார், நான் சைஸ் கேட்பேன், பொருளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். பேச்சு அவ்வளவுதான். பிளாக்கில் அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். ஆனால் ஆளுக்கொரு ஜில்லாவிலிருந்து வந்தவர்கள், ஆளுக்கொரு ஷிப்ட். பொங்கல் வந்தால் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். தெருவில் நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியும். நீ வாசலில் உட்கார்ந்து சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருப்பாய். அந்தச் சத்தம் தாங்காமல் ஒரு பொங்கலன்று உன்னை அடித்தேன். நீ மறந்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் தசரதன் சார் ஸ்டோர்ஸுக்கு வந்தார். டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயரானவர். பூட்ஸ் வந்த காலி அட்டைப்பெட்டிகளைக் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்து போறவங்களுக்கு நம்ம டவுன்ஷிப் ஆர்ச் கேட்டாண்ட வருஷா வருஷம் பந்தல் போடறோம்மா. காலக் கழுவி, கொப்புளத்துக்கு மருந்து வெச்சு அனுப்புவோம். பஞ்சு, துணியெல்லாம் போட்டு வெக்கத்தான் பெட்டி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் வாங்களேன். ரெண்டு நாள் வேலை. யார்கிட்டயும் பேச வேண்டாம், காலைப் பாத்தா போதும்" என்றார். அந்த ஒரு வருடமாக எல்லோரும் என்னிடம் வருத்தம் விசாரித்து விசாரித்து எனக்கு மனிதர்களின் முகத்தைப் பார்க்கவே அலுத்துப்போயிருந்தது. அதனால் சரி என்றேன். பக்தி காரணமில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

பந்தலை நீ சின்ன வயதில் இரண்டொரு முறை பார்த்திருக்கிறாய். பண்ருட்டிப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்கள் ஆர்ச் கேட்டுக்கு வரும்போது கால்கள் பழுத்திருக்கும். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், வேண்டுதலுக்குச் செருப்பில்லாமல் வருகிறவர்கள். அங்கிருந்து வடலூருக்கு இன்னும் இரண்டு மூன்று மணி நேர நடை இருக்கும். பெஞ்சில் உட்காரவைத்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலைக் கழுவித் துடைத்து, மருந்து வைத்துக் கட்டி அனுப்புவோம். முதல் நாள் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டுதான் செய்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் நான் எனக்கே தெரியாமல் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம், தசரதன் சார் சொன்னார். அடுத்த வருடம் அவர் கூப்பிடுவதற்கு முன்பே லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் அம்சவல்லி பழக்கமானாள். நீ "அம்சாக்கா" என்று கூப்பிடுகிறாயே, அவளேதான். அப்போது டவுன்ஷிப் தெருக்களைக் கூட்டுகிற கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அவள் வீட்டார் தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். பந்தலில் அவளும் அவளோடு வருகிற மூன்று பெண்களும் தண்ணீர் சுமப்பார்கள், கால் கழுவுவார்கள், அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மருந்து வைத்துக் கட்டுவோம். இப்படிச் செய்யவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதல் வருடமே அப்படி உட்கார்ந்தோம், பிறகு அதுவே பழகிவிட்டது. எட்டு ஒன்பது வருடம் நான் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கைக்கு ஒரு நாளும் மருந்து டப்பா போகவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

நீ பத்தாவது படித்த வருடம் பூசத்தன்று உனக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு டீச்சரம்மாவிடம் உன்னை விட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பந்தலுக்குப் போனேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம். பெஞ்சு நிறைந்து தரையிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனமெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. குப்புசாமி என்று ஒருவர், முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி ஒரு கிராமம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அம்சா அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இவருக்குக் கால்ல ஒண்ணுமே தெரியல. குதிகால்ல இன்னாவோ குத்தி உள்ள இருக்குது. நா அழுத்தறன், சும்மா ஒக்காந்துகினு இருக்காரு."

நான் குனிந்து பார்த்தேன். கொப்புளம் போலத்தான் தெரிந்தது. "கொப்புளம்தான். நான் பாத்துக்கறேன், நீ தண்ணிய மாத்து" என்றேன்.

"இல்லக்கா. சர்க்கரக்காரங்களுக்கு இப்பிடித்தான் ஆவும். எங்கப்பாவுக்கு ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாங்க்கா."

"அம்சா, உன் வேலையப் பாரு" என்றேன்.

அவள் தண்ணீர் மாற்றப் போனாள். நான் மருந்து வைத்து, நன்றாக இறுக்கிக் கட்டினேன். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு நடந்து போனார். நான் அரை மணியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. டீச்சரம்மா வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். என்னிடம் பேச மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் அவசரப்பட்டதை உன் காய்ச்சல் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்குக் குவார்ட்டர்ஸ் பெண்கள் யாராவது சொல்லியிருந்தாலும், தசரதன் சார் சொல்லியிருந்தாலும், எவ்வளவு அவசரத்திலும் நான் இன்னொரு முறை குனிந்து பார்த்திருப்பேன். அதுதான் உண்மை.

அடுத்த வருடம் அம்சா பந்தலுக்கு வரவில்லை. தசரதன் சார் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு வேலை இருக்கிறது என்றாளாம். பூசத்துக்கு முந்தின நாள் காலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து ஒருவர் கட்டையை ஊன்றிக்கொண்டு இறங்கினார். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை. பின்னாலேயே அவர் மனைவி. என்னை அடையாளம் கண்டுகொண்டு நேராக என்னிடம் வந்தார்கள். அவர்தான் குப்புசாமி.

"போன வருசம் நீங்கதான்ங்க கட்டுப் போட்டீங்க. பெத்த பொண்ணாட்டம் பாத்தீங்க" என்றார். "வூட்டுக்குப் போயி நாலு நாள் கழிச்சுப் பிரிச்சா, கால் கறுத்துப்போச்சுங்க. உள்ள முள்ளு இருந்துச்சாம். டாக்டரு எடுத்துக் காட்டுனாரு, இம்மாந்தூண்டு. முன்னமே வந்திருந்தா காலக் காப்பாத்தியிருக்கலாம்னாரு. இன்னா பண்றது, நம்ம நேரம்."

அந்த அம்மா ஒரு துணிப்பையில் அரைப் படி முந்திரிப் பருப்பு கொண்டுவந்திருந்தாள். நான் அதை வாங்கிக்கொண்டேன். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பருப்பை நெய்யில் வறுத்து உனக்குக் கொடுத்தேன். ஒரே நாளில் தின்று தீர்த்தாய். நான் ஏன் ஒன்றுகூட எடுக்கவில்லை என்று நீ கேட்டதற்குப் பல் வலி என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மந்தாரக்குப்பத்துக்கு அம்சா வீட்டைத் தேடிப் போனேன். ஒன்பது வருடப் பழக்கம், அவள் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டுத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா இவ்ளோ தூரம்" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரையை நிறுத்தவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் பேசினாள்.

"உன் வேலையப் பாருன்னீங்க. நா என் வேலயத்தான பாத்துக்கினு இருந்தன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன்.

"இத என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தாளாண்ட சொல்லுங்க."

"எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு அம்சா."

கீரைக் காம்புகளை ஒதுக்கினாள். "நா கூட வரன். வூட்டுக்குள்ள வரமாட்டன், வெளிய நிக்கறன். உள்ள நீங்கதான் பேசணும்."

பந்தலில் யார் எந்த ஊர் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்போம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வைத்துப் போனோம். குப்புசாமி வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். மோரைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். கழுவின பெண் முள் இருக்கிறது என்று சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள், நான் கேட்கவில்லை, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அழக்கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டிவரும். குப்புசாமி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த கைகள். அவர் மனைவிதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு சொல்லுச்சு. நீங்க கேக்கல."

"ஆமாம்மா."

"எழுந்திரிங்க. போங்க."

நான் எழுந்தேன். குப்புசாமி தலையைத் தூக்காமலேயே, "பதினோரு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்குது, வுட்டா அப்புறம் சாயங்காலந்தான்" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெளியே அம்சா புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் இரண்டு கொய்யாப்பழம் வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். "காலையிலேர்ந்து ஒண்ணும் துன்னல நீங்க" என்றாள். என்னைத் தேற்றவில்லை, நீங்கள் செய்தது பெரிய காரியம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தோம். வடலூர் ரோட்டில் அவள் தூங்கி என் தோளில் சாய்ந்தாள். உங்கப்பா போன பிறகு என்மேல் உன்னைத் தவிர வேறு யாரும் சாய்ந்ததில்லை.

அடுத்த பந்தலுக்கு முன்னால் போட்ட கூட்டத்தில் நான் நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். இனிமேல் யார் காலைக் கழுவுகிறாரோ அவரே மருந்தும் வைக்கட்டும் என்றேன். குவார்ட்டர்ஸ் பெண்கள் ஐந்து பேர் அதோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதி, பிறகு கடைத்தெருவில் பார்த்தால்கூடப் பேசமாட்டாள். தசரதன் சார் மட்டும், "கழுவறவங்கதான் காலைப் பாக்கறாங்க. பாக்காதவங்க எப்படிக் கட்டுப் போடறது?" என்றார். அதோடு முடிந்தது. அம்சா திரும்பி வந்தாள். சர்க்கரை நோயாளிகளின் காலை எப்படிச் சோதிக்கவேண்டும் என்று தசரதன் சார் எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தபோது, பாதிப் பாடத்தை அவள்தான் எடுத்தாள். குப்புசாமி மனைவி இரண்டு வருடம் கழித்துப் பூசத்துக்கு நடந்துவந்தாள். என்னைத் தாண்டிப் போய், அம்சா முன்னால் உட்கார்ந்து காலை நீட்டினாள். இப்போதும் சில வருடங்களில் வருகிறாள். என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

புயல் அடித்த வருடம் உனக்கு நினைவிருக்கும். அம்சா வீட்டு ஓடுகள் பறந்துபோய், அவளும் அவள் மகள்கள் இரண்டு பேரும் நம் குவார்ட்டர்ஸில் இரண்டு மாதம் இருந்தார்கள். காலேஜ் லீவில் வந்த உனக்கு ஹாலில் பாய்தான் கிடைத்தது. "நம்ம வீடு சத்திரமா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததுதான் நான் உனக்குச் செய்த தவறு. இவ்வளவையும் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். உனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா வருடத்தில் இரண்டு நாள் ஊரார் காலைக் கழுவப் போய்விடுகிறாள், காய்ச்சலில் கிடந்தாலும் போய்விடுகிறாள் என்பது மட்டும்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் வீட்டில் உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கப்பா தெரிவார். பந்தலுக்கு ஓடியதில் பாதி அதற்காக. உன்னைவிட்டு ஓடினேன் என்று நீ அன்று நினைத்திருந்தால், அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். உனக்குச் சொல்லாமல் மறைத்தேன், பிறகு தெரிந்து நீ ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பதினோரு நாள் அம்சா கூட இருந்தாள். கூலி போகிறதே என்று சொன்னதற்கு, "வாய மூடிக்கினு படுங்க" என்றாள். அவளோடு எனக்குச் சண்டையும் உண்டு. அவள் பெரிய பெண்ணைப் பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். "உங்க புள்ளைக்கு நீங்க பாத்துக்கங்க" என்றாள். ஐந்து மாதம் இரண்டு பேரும் பேசவில்லை. பூசம் வந்தது, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம், பஞ்சைக் கொடுங்க என்றாள், கொடுத்தேன். இவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

போன மாதம் நீ சொன்னாய், மூன்று வருடமாக அந்த அப்பார்ட்மென்ட்டில் இருக்கிறேன், எதிர்வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது என்று. சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆனாலும் இரண்டு முறை சொன்னாய். அங்கே வருடா வருடம் ஏதோ விழா நடக்கிறது, நீ நன்கொடை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாய். அடுத்த முறை நாற்காலி போடப் போ. மேடையில் பேச, கமிட்டியில் இருக்கக் கூப்பிட்டால் போகாதே. எல்லோரும் போன பிறகு நாற்காலி அடுக்குகிறவர்களோடு இரு. முதல் வருடம் யாரும் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாம் வருடமும் போ. உன்னோடு நாற்காலி தூக்குகிறவர் அந்த வளாகத்தில் வீடு உள்ளவரா, வேலைக்கு வந்தவரா என்று பார். வேலைக்கு வந்தவராக இருந்தால் அவர் சொல்வதை இன்னும் கவனமாகக் கேள்.

நான் மந்தாரக்குப்பத்தில் வீடு பார்த்துவிட்டேன். அம்சா வீட்டிலிருந்து இரண்டாவது தெரு, மாடிப் போர்ஷன். அம்சாதான் பார்த்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், கக்கூஸில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், வீட்டுக்காரரிடம் "எங்கக்கா தனியா இருப்பாங்க, ராத்திரில மோட்டார் போடக் கூடாது" என்று கறாராகச் சொன்னாள். சித்திரை பிறந்ததும் உன்னிடம் வந்து இரண்டு மாதம் இருப்பேன், அந்த அறையில்தான் படுப்பேன். அதன் பிறகு திரும்பிவிடுவேன். நீ வருத்தப்படுவாய் என்று தெரியும். உன்மேல் குறையில்லை.

தசரதன் சார் இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போது பந்தலை அம்சாதான் நடத்துகிறாள். அவளுக்கு முழங்கால் வலி, கீழே உட்கார முடியவில்லை, ஸ்டூல் போட்டுக்கொள்கிறாள். போன வாரம் ஆட்கள் போதவில்லை என்று ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தபோது நான் உன் பெயரைச் சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு, "தம்பி வருமா?" என்று கேட்டாள். தெரியாது, எழுதிக் கேட்கிறேன் என்றேன். "வந்தா மொத வருசம் தண்ணி தூக்கட்டும். கால அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுதிக்கொண்டாள்.

பூசம் அடுத்த மாதம். வருவதானால் லீவு எழுதிக்கொடு. பேன்ட் வேண்டாம், லுங்கி எடுத்துக்கொண்டு வா. முட்டி வரை நனையும்.

அம்மா